கறையானுக்குக் குத்தகை உரிமை

சென்னிமலைக்குத் தெற்கே, கல்லாங்காட்டுப்புதூர் காளியாத்தாளுக்கு அரசாங்கத்திடம் ஒரே ஒரு சான்றிதழ்தான் வேண்டியிருந்தது. தன் மேலக்காட்டு நிலத்தின் மூலையில் யாரும் எதுவும் பயிர் செய்யவில்லை என்று ஒரு வரி. கல்லும் முள்ளும் ஒரு கறையான் புற்றும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அதில் விசைத்தறிக் கொட்டகை போட்டாக வேண்டும். தொண்ணூற்று நான்காம் வருஷம் அது; தறி இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம். மகன் மனோஜ்குமார் வாங்கிப்போட்ட தறிகள் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. இந்த மழையைத் தாண்டினால் துருப்பிடித்துவிடும். பெண் வீட்டாரும் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத வருவாய் ஆய்வாளர் திருமூர்த்தி, ஐப்பசியில் இடியும் மழையுமாக அடித்து ஓய்ந்த மறுநாள் பார்த்தா வர வேண்டும்? புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான் குடை பிடித்து நின்றது.

"ஏனுங்கம்மா, சாகுபடி இல்லைன்னீங்க. இது என்னங்க?"

"தானா மொளைக்குதுங்க."

"தானா மொளைக்கறதுக்கு ரிக்கார்டுல எடம் கெடையாதுங்க. ஆராவது பயிர் பண்ணித்தான் ஆகோணும். நீங்களா?"

"நான் இல்லீங்க சாமி!"

"அப்ப வேற ஆரு?"

இந்தக் கேள்விக்கு விடை காணும் பொருட்டு, கோயமுத்தூரிலிருந்து பூஞ்சை நிபுணர் கிருபாசங்கர் அரசு ஜீப்பில் வரவழைக்கப்பட்டார். நல்ல மனுஷன். புற்றின் ஓரமாகத் துளை போட்டு, உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி ஒரு கட்டியை எடுத்துக் காட்டி, உண்மையைச் சொல்லிவிட்டார். அதுதான் வினையாகப் போனது.

"கறையான் காஞ்ச எலை, கட்டையெல்லாம் தின்னு, கழிவை இப்படி மெத்தையாக் கட்டி வைக்குதுங்க. அதுல பூஞ்சை வளருது. வேற பூசணம் வந்தாக் களையெடுத்துப்போடும். மரத்தை முழுசாச் செரிக்கக் கறையானால முடியாதுங்க. பூஞ்சை செரிச்சுக் குடுக்கும், இது தின்னுக்கும். மழை பேஞ்சா அந்தப் பூஞ்சைதான் மேல வந்து காளானாப் பூக்குது. சுருக்கமாச் சொன்னா, கறையான் பயிர் வெச்சுப் பண்ணயம் பண்ணுதுங்க."

"களை வேற எடுக்குதுங்களா?" திருமூர்த்தி பேனாவைத் திறந்தார். "ஏனுங்கம்மா, வெளஞ்சதுல உங்களுக்கு ஏதாச்சும் வருதுங்களா?"

"மழைக்கு ஒருக்காக் கொழம்புக்குப் பறிச்சுக்குவனுங்க."

"போதுமுங்க."

அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்து, விளைச்சலில் பங்கு கொடுப்பவர் குத்தகைதாரர். குத்தகைதாரரை நினைத்த மாத்திரத்தில் காலி செய்ய முடியாது. காளியாத்தாளுக்குத் தலை சுற்றியது.

முறைப்படி விசாரணை நோட்டீஸ் தயாரானது. "மேற்படி புற்றில் குடியிருந்து சாகுபடி செய்துவரும் கறையான் வகையறாக்களுக்கு" என்று தட்டச்சு செய்து புற்றின் மேலேயே ஒட்டினார்கள். எட்டு நாள் கழித்து வந்து பார்த்தால் துண்டுக் காகிதம்கூட மிச்சமில்லை. பசையோடு சேர்த்துத் தின்றிருந்தது. "நோட்டீஸ் உரியவர்களால் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று திருமூர்த்தி குறித்துக்கொண்டார்.

விசாரணை புற்றடியிலேயே நடந்தது. ஊரில் பட்டா வைத்திருந்த அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கிருபாசங்கர் சும்மா இருக்காமல் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"கறையான் பூஞ்சைய வளர்க்குதா, பூஞ்சை கறையானை வேலை வாங்குதான்னு தீர்த்துச் சொல்ல முடியாதுங்க. ஒண்ணை விட்டா ஒண்ணு பொழைக்காது."

"அப்பக் கூட்டுக் குத்தகைங்க" என்று ஆய்வாளர் முடித்துவிட்டார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காளியாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், யாருக்குத்தான் வராது?

"இது அக்குருமமுங்க! பண்ணயம் பண்ணுனாக் கறையானுக்குக்கூட எழுதிக் குடுத்துருவீங்களா?"

"ஆரு பண்றாங்களோ அவங்களுக்குத்தானுங்க. சட்டம் அப்படி."

இதைக் கேட்டதும் பின்னாலிருந்து கண்ணையா முன்னால் வந்தார். காளியாத்தாளின் கீழக்காட்டை அப்பன் காலத்திலிருந்து பாதிக்குப் பாதி என்று உழுது வருபவர். இடுப்பளவு மஞ்சள் அப்போதும் அங்கே பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க சார், நானும் பண்ணயந்தானுங்க பண்றேன். களையும் எடுக்கறனுங்க. பாதி வெள்ளாமையக் கொண்டாந்து களத்துல கொட்டிப்போடறனுங்க. கறையான் பேரை எழுதுன கையோட என் பேரையும் எழுதிப்போடுங்க."

சிரிப்பு நின்றுபோனது. பட்டாதாரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கறையான் கேக்கலீங்களே கண்ணையா" என்றார் திருமூர்த்தி, மிகுந்த பொறுமையோடு. "கேட்டிருந்தா அதுக்கும் குடுத்திருக்க மாட்டோமுங்க. ஏனுங்கம்மா, இவரு உங்க காட்டுல பயிர் பண்றாருங்களா?"

காளியாத்தாளின் அழுகை போன இடம் தெரியவில்லை.

"இவனா? சும்மா வந்து போறவனுங்க. கீழக்காட்டுல ஆரும் பண்ணயம் பண்றதில்லீங்க சாமி."

"நெசமாங்களா?"

"சென்னியாண்டவர் மேல சத்தியமுங்க."

கண்ணையா மஞ்சள் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ரொம்பச் சந்தோசமுங்க" என்று திருமூர்த்தி எழுதினார். கீழக்காட்டில் சாகுபடி இல்லை. கொட்டகை போட ஆட்சேபணை இல்லை. காளியாத்தாள் கேட்ட சான்றிதழ் கையெழுத்தும் முத்திரையுமாக அங்கேயே கிடைத்துவிட்டது, வேறு காட்டுக்கு. மாற்றிச் சொல்லலாம்தான். சொன்னால் கண்ணையா பெயரை எழுத வேண்டிவரும். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

ரிக்கார்டில் இல்லாத பயிருக்காகக் கொட்டகையைத் தள்ளிப்போட முடியுமா? மாசியில் எடுக்க வேண்டிய மஞ்சளைக் கார்த்திகையிலேயே பிஞ்சாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தச் செம்மண் மேல் தறி ஓட ஆரம்பித்தது. மனோஜ்குமாருக்குப் பெண்ணும் அமைந்தது. கண்ணையா பெருந்துறையில் ஏதோ கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் அன்றைக்கு நல்ல புத்தி வந்தது. தத்தம் காட்டில் உழுகிறவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, தங்கள் நிலத்திலும் யாரும் எதுவும் பயிர் செய்வதில்லை என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆகவே அரசாங்கக் கணக்குப்படி கல்லாங்காட்டுப்புதூர் முழுக்கத் தரிசு. அங்கே பண்ணயம் பார்ப்பது கறையான் ஒன்றுதான்.