கிடங்குப் பொறுப்பாளர் சும்மா இருந்த படலம்

வாழிய பெருந்தகை! பெயின்ட் டப்பாக்களை மலையென அடுக்கி, அம்மலைகளின் இடுக்கில் மேசையிட்டு வீற்றிருக்கும் கிடங்குக் கோமான், பணியில் சேர்ந்த நாள்முதல் அலுவலகத்தில் ஒருவருக்கும் பல் காட்டாத பெருமிதன், ‘சார்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் எவரோடும் உறவு பாராட்டாத விறைப்பன், நம் நாயகன் வாழிய. காலை தொடங்கி மாலைவரை அவன் சும்மா இருந்த பெரும்போரைச் சொல்லப் புகுந்தேன். சொற்குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்வது உங்கள் தலையெழுத்து.

போர் மூண்ட காரணம் இது. வெளியூரில் படிக்கப்போகும் மகளை விடுதியில் சேர்க்க மறுநாள் விடுப்பு வேண்டி, நாயகன் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தான். “பாத்துச் சொல்றேன்” என்றார் அவர். விடைபெறும் வேளையில், மகளோடு பேசிப் பேசியே பழகிய பாழும் நாக்கு கடிவாளம் அறுத்துக்கொண்டு, “சரிடா செல்லம், வச்சிடறேன்” என்று மொழிந்துவிட்டது. மறுமுனையில் ஓசையில்லை.

அக்கணமே கவலை என்னும் கொடுங்கோலரசி நால்வகைப் படையோடும் வந்திறங்கி அவன் நெஞ்சக் கோட்டையை முற்றுகையிட்டாள். விடுப்பு போயிற்றா, மானம் போயிற்றா, அன்றி இரண்டும் ஒரே வண்டியேறிப் போயினவா? திரும்ப அழைத்து, “அது உங்களுக்கில்ல சார்” என்று விளக்கினால் அந்த விளக்கம் இன்னும் நாறும். விளக்காவிட்டாலோ நெஞ்சு வெடிக்கும். பாவம், மனிதன் தவித்துப்போனான்.

கலங்கியவன், தன் மனைவியின் தம்பியை அழைத்தான். அவனோ சீனத்துத் தாவோ ஞானத்தைப் பாதி வீடியோவிலேயே கரைகண்டவன்.

“மாமா, கலங்கின தண்ணியக் கையால தெளிய வைக்க முடியுமா? அப்படியே விடுங்க, தானாத் தெளியும். இதான் தாவோ.”

“அப்ப நான் என்னதான்டா பண்றது?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. அவ்வளவுதான்.”

உபதேசம் பெற்ற வீரன் டப்பா மலைகள் சாட்சியாகச் சூளுரைத்தான்: “இன்று மாலைவரை யான் ஒன்றும் செய்யேன், இக்கட்டைவிரல் மேலாளர்தம் எண்ணைத் தீண்டின் யான் ஆண்மகன் அல்லேன்!” சூளுரைத்த வாய் மூடுமுன் கட்டைவிரல் கைப்பேசியை நோக்கிப் படையெடுத்தது. இடக்கை பாய்ந்து வலக்கையை மடக்கியது. மடங்கிய வலக்கை மேசையடியில் புகுந்து வளைத்துத் தாக்கியது. பற்கள் நறநறத்தன, புருவங்கள் வில்லாய் வளைந்தன, நாற்காலி கிரீச்சிட்டது. கைப்பேசியை இழுப்பறையில் சிறையிட்டுப் பூட்டி, பூட்டிய சாவியின்மேல் தானே ஏறி அமர்ந்தான்.

பக்கத்து மேசைத் தட்டச்சுப் பெண் எட்டிப் பார்த்தாள். “என்ன சார், உடம்பு சரியில்லையா?”

“சும்மா இருக்கேம்மா.”

“சும்மா இருக்கிறதுக்கா சார் இப்படி வேர்க்குது?”

பிற்பகலில் தோள்கள் துவண்டன. போரிட்டுக் களைத்தவன் போரிடுவதையே மறந்தான். மறந்த இடத்தில், யாரும் தொடாமலே, நெஞ்சம் தெளிந்தது. சொன்னால் சொன்னதுதானே, செல்லம் என்பது கெட்ட வார்த்தையா என்ன என்று தோன்றியது. கவலையின் படைகள் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே ஓடின. நாயகன் முகத்தில், வரலாற்றில் முதன்முறையாக, ஒரு பல் தெரிந்தது.

அவ்வேளை மேலாளர் எழுந்தருளினார்.

“நாளைக்கு லீவு எடுத்துக்கங்க. காலைல பேசிட்டிருக்கும்போதே எனக்குச் சார்ஜ் போயிடுச்சு. கடைசியா ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னது?”

விடுப்பும் கிட்டியது, மானமும் மீண்டது, முக்காலமும் போற்றும் வெற்றி முழுதாய்க் கைக்குள் வந்தது! ‘ஒண்ணுமில்ல சார்’ என்னும் இரு சொல் போதும், ஆயுளுக்கும் தப்பிவிடலாம். ஆயின், தெளிந்த நீரோ தன் அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒன்றையும் மறைக்கும் வகையறியாது. அந்நீரே ஆகிவிட்ட நம் ஞானவீரன், அஞ்சாது, அசையாது, மேலாளரின் கண்ணுள் கண் பொருத்தி, அமுதென முறுவலித்து, திருவாய் மலர்ந்தான்.

காலையில் என்ன சொன்னானோ அதை அப்படியே சொல்லிவிட்டான்.