காந்தம் சாரும் தடித்த குழாய்களும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காந்தம் சாரின் சந்தேகத்துக்கு ஆளாகாத மனிதர் எவருமே கிடையாது. முதலாளி, தபால்காரர், ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் கொண்டுவந்த ஆட்டோக்காரர், அவ்வளவு ஏன், அந்தப் பூசணிக்காயே கூட அவர் சோதனையில் தேறித்தான் எங்கள் வாசலைத் தாண்டியது.

நான் அங்கே ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி சின்னது; தயாரித்த பொருள் அதைவிடச் சின்னது. கார்பன் நானோ குழாய். தலைமுடியை நீளவாக்கில் பல கோடி இழையாகப் பிளக்க முடிந்தால், அதில் ஓர் இழை அளவுக்கு மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களைத் தட்டில் பரப்பி, உலைக்குள் வைத்துச் சூடேற்றி, கார்பன் கலந்த வாயுவை விடுவோம். ஒவ்வொரு துகளிலிருந்தும் ஒரு குழாய் முளைத்து வளரும். துகள் எவ்வளவு பருமனோ, குழாயும் ஏறக்குறைய அவ்வளவு பருமன். ஆக, துகள்களை ஒரே அளவில் வைத்திருப்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது. எங்கள் தயாரிப்பைக் கவனித்த காந்தம் சார் அதில் டாக்டர் பட்டமே வாங்கியவர்.

இத்தனை நுட்பமான வேலைக்கு எங்கள் முதலாளி பார்த்த இடம்தான் பிரமாதம். இரண்டு பக்கமும் இரும்பு உருக்காலைகள், நடுவில் நாங்கள். காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் கோலம் போடலாம். அந்தத் தூசியும் இரும்புதானே! துளி தட்டில் விழுந்தாலும் அதிலிருந்து தடித்தடியாக, கோணல்மாணலாகக் குழாய் முளைத்துவிடும்.

அதற்காகத்தான் சாருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த காந்தம். பழைய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். காலையில் வாசலில் நின்று ஆண்களை அதனால் தலைமுதல் கால்வரை தடவுவார். பெண்கள் எங்களுக்குக் கைப்பை, செருப்பு, டிபன் பாக்ஸ் மட்டும்.

"இன்னாம்மா, மில்லு பக்கமா நடந்து வந்தியா?"

"பஸ்ல தான் சார் வந்தேன்."

"பஸ்ஸு இன்னா வானத்துலயா வந்துது? போயி செருப்ப நல்லா தட்டிக்கினு வா."

டிபன் பாக்ஸில் காந்தம் ஒட்டிக்கொண்டால் அவர் முகம் வாடிவிடும். "எவர்சில்வர்னு சொல்லி உன்ன நல்லா ஏமாத்திட்டான்மா" என்று துக்கம் விசாரிப்பார்.

வாட்ச்மேன் இர்ஃபான் பாய் மகளின் நிக்காஹ்வுக்குப் பழவேற்காடு போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு உருக்காலையில் வேலை என்று யாரோ சொன்னார்கள். சாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"சார், மாப்ளைய உட்ருங்க. பிரியாணி ஆறிக்கினு கீது" என்று பாய்தான் அவரைப் பந்திக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு பேட்டரி கம்பெனி எங்களிடம் மாதிரி கேட்டது. எல்லாக் குழாயும் ஒரே பருமனில் இருந்தால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லாவிட்டால் ஷெட்டை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதல் மாதிரியைச் சென்னைக்கு அனுப்பிப் பெரிய மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தோம். இடியாப்பத்துக்குள் முறுக்கு விழுந்த மாதிரி, மெல்லிய குழாய்களுக்கு நடுவே தடியன்கள். இரண்டாவது மாதிரியும் அப்படியே. சார் எங்கள் மேல் பாய்ந்தார். சீப்பைத் தடை செய்தார், ஹேர்பின்னைத் தடை செய்தார், நாஷ்டாவைத் தெருவுக்கு அனுப்பினார். கடைசியில் எங்களையே தடை செய்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. நான் ஒண்டியா பாத்துக்கிறேன்."

மூன்றாவது மாதிரிக்குத் தட்டைப் பரப்பியதும் அவரே, உலையை மூடியதும் அவரே. நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை. படம் வந்தது. இந்த முறை இடியாப்பம் கண்ணில் படவே இல்லை. முழுக்க முறுக்கு.

சார் படத்தோடு வெளியே வந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உள்ள யாருமே வரல. நான் மட்டுந்தான் இருந்தேன்" என்றார் மெதுவாக.

பிறகு கழுத்திலிருந்து காந்தத்தைக் கழற்றித் திருப்பினார். முன்பக்கத்தைத் தினமும் துடைப்பார். சட்டையோடு ஒட்டிக் கிடந்த பின்பக்கம் கன்னங்கரேலென்று தாடி வளர்த்திருந்தது. எங்கள் செருப்பிலும் சட்டையிலும் பிடித்த தூசியையெல்லாம் மார்பில் சுமந்துகொண்டு, அந்தத் தட்டின் மேல் தினமும் குனிந்து பார்த்திருக்கிறார் மனுஷர்!

"ஊர்ல கீற தூசியெல்லாம் நான்தான் உள்ள கொண்டாந்து கொட்டிகீறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எங்கள் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டார். "தப்பு எம்மேல சார். இவங்க மேல இல்ல. இன்னொரு வாட்டி குடுங்க. நான் உள்ளயே போமாட்டேன்."

நாலாவது மாதிரியை ஆபரேட்டர் செல்விதான் போட்டாள். சார் வெயிலில் நின்று ஜன்னல் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டி ஆட்டி வாயுவைக் கூட்டு, குறை என்றார். எளாவூர் செக்போஸ்டில் லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற கிளீனரே அவரிடம் தோற்றுப்போவார். படம் வந்தபோது அத்தனையும் மெல்லிசு, அத்தனையும் ஒரே பருமன். சார் படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

"ஷெட்ட மூட மாட்டாங்கல்ல?" என்றார்.

"மாட்டாங்க சார்" என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் கழுத்து வெறுமையாக, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எங்களைப் பார்த்து, "போங்க, போங்க" என்றார். யாரும் நகரவில்லை. பாய் காந்தத்தை இரண்டு பக்கமும் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார்.

"எல்லாரும் நிக்கிறாங்க பாருங்க சார். சீக்கிரம் தடவி உட்ருங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும்வரை நாங்கள் வரிசையில் நின்றோம். அவ்வளவு பிரியம் எங்களுக்கு அந்த மனுஷர் மேல்.