பேரனை நிமிர்த்திப் பிடித்தது குறித்து

பேட்டை,
12.8.1994

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் பிரம்மநாயகி அவர்களுக்கு, ஆவுடைநாயகம் கைகூப்பி எழுதுவது. நெல்லையப்பர் கிருபையில் இங்கே மகள் சித்ரலேகாவும் பேரனும் நல்ல சுகம். அம்பாசமுத்திரத்தில் தாங்களும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் பஸ் ஏறிப் போனதிலிருந்து பேரனுக்கு ஒரு தடவைகூடப் புரையேறவில்லை. உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளை, தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடையில் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதும், தாயில்லாத மகளுக்குப் பேறுகாலம் பார்க்கிற நானே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். பொதுப்பணித் துறையில் வாய்க்கால் மட்டம் பார்த்தே ரிட்டயர் ஆனவன் அல்லவா, தலையைத் தூக்கினால் பால் மடை திறந்த மாதிரிப் பாயும், மட்டமாய்க் கிடந்தால் பைய ஓடும் என்று கணக்குப் போட்டு, குளிப்பாட்டுகிற மாதிரியே காலை நீட்டி அவனை மல்லாக்கப் போட்டு ஊற்றினேன். பால் மூக்கு வழியாக வந்தது. பிள்ளை முகம் நீலம் பாரிச்சுப் போச்சு. கண்ணேறுதான் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள்; தெருவே இருமினதால் கண்ணேறு இல்லை என்று மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அந்த நேரத்தில்தான் தெய்வம் அனுப்பின மாதிரி நீங்கள் வந்து இறங்கினீர்கள். பிள்ளையை மடியில் சாய்த்து, முழங்கை மடிப்பில் தலையை உயர்த்தி வைத்து, "நிமித்திப் பிடிங்க அண்ணாச்சி. அவன் முழுங்குன பொறவு அடுத்த சொட்டு ஊத்துங்க" என்றீர்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் மல்லுக்கு நின்றிருப்பேன். சம்பந்தி வீட்டுப் பேச்சுக்கு மறுபேச்சு ஏது, வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இப்போ சொட்டுச் சொட்டாய் முழுங்குதான், நடுவில மூச்சு வாங்குதான், தோளில் போட்டுத் தட்டினால் பெரிய மனுசன் கணக்கா ஏப்பம் விடுதான். என் பேரனை எனக்குத் திருப்பித் தந்தவர் நீங்கள். உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத சம்பந்தி
ஆவுடைநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சித்ரலேகாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து முதல் நாளே சொன்னாளாம். உனக்கென்ன தெரியும் என்று நான் அதட்டினேனாம். அடுத்த வீட்டுப் போனில் உங்களை வரவழைத்ததே அவள்தானாம். "நான் சொன்னா கேக்க மாட்டிய. அத்தை சொன்னா எதுத்துப் பேச மாட்டியல்லா" என்கிறாள். ஆகவே மேற்படி நன்றியில் முக்கால்வாசியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பெற்ற மகளிடம் அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை வரும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.