கருமந்தியின் நான்கு ஜோடி காலுறைகள்

அன்பரே, நீங்கள் பிறருக்குச் செய்த உதவிகளுள், பெற்றவருக்கு உண்மையில் உதவியது எது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இல்லையெனில், சற்றே செவிசாயுங்கள்.

ஒரு காட்டில், மலையுச்சியில், கை வைத்தால் எலும்பு வரை குளிரும் ஏரி ஒன்று இருந்தது. ஐப்பசி மழையில் அதன் மதகை மரக்கட்டை ஒன்று அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறியது. கரையோர வளைக்குள் இன்னும் கண் திறவாத நான்கு குட்டிகளை வைத்திருந்த முயலம்மாள் கதறினாள்.

நீர்நாய் உடனே குதித்திருக்கும். ஆனால் உடையின்றி மூழ்குவது அநாகரிகம் என்று சென்ற மாதமே அதற்குத் தடை விதித்திருந்தார்கள். ஆகவே, நீர்புகா உடை வைத்திருந்த ஒரே பிராணியான கருமந்தி நெடுங்காலன் அழைக்கப்பட்டான்.

உள்ளே கம்பளிச் சட்டை, காலில் ஒரு ஜோடி காலுறை, மேலே பூட்ஸோடு ஒட்டிய ரப்பர் உடை என்று ஆயத்தமாக வந்தவனை, காட்டு நலக்குழுத் தலைவர் கரடியார் தடுத்தார்.

"கால் விறைச்சுப் போகும்பா. இந்தா, என் காலுறையையும் போட்டுக்க."

"வேண்டாம் மாமா. பூட்ஸுக்குள்ள விரல் அசையணும், கொஞ்சம் காத்து நிக்கணும். அந்தக் காத்துதான் சூடு."

"காத்து சூடா?" என்று பக்கத்தில் நின்ற மிளாமான் சிரித்தாள். "அப்ப உன் வீட்டுல கதவைத் திறந்து போட்டுத்தான் தூங்குறியா, தம்பி? என்னுதையும் போடு."

எழுத்தர் முள்ளம்பன்றியார் தம் பங்குக்கு ஒரு ஜோடியையும், 'அன்பளிப்பு ஏற்புப் படிவம்' ஒன்றையும் நீட்டினார். "எல்லாத்தையும் அணிவேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் அனுமதி."

"தண்ணி ஏறுதுங்க."

"அதனாலதான் சீக்கிரம் போடச் சொல்றேன்."

கையெழுத்திட்டு மூழ்கினான். நான்கு ஜோடிகள் திணித்த கால்கள் பூட்ஸுக்குள் இறுகின. இரத்தம் ஓடாமல் மரத்துப்போயின. கட்டையைத் தொடுமுன்பே, உதைத்து நீந்த இயலாமல் மேலேறி வந்தான். நீர் வளையின் வாசலைத் தொட்டுவிட்டது.

"பாத்தியா? இன்னும் ரெண்டு ஜோடி போட்டிருக்கணும்" என்றார் கரடியார்.

நெடுங்காலன் உடையை உரித்து, அன்பளிப்புகள் மூன்றையும் கழற்றி எறிந்தான். விரல்களைத் தேய்த்து அசைத்தான்; கால்களுக்கு உயிர் வந்தது. தன் ஒரு ஜோடியோடு மறுபடி உடையணிந்து, அதனுள் சிறிது காற்றையும் நிரப்பிக்கொண்டு மூழ்கினான். கட்டை பெயர்ந்தது. மதகு திறந்தது. குட்டிகள் பிழைத்தன.

மறுநாள் பாராட்டுக் கூட்டம் நடந்தது.

"யாரோட காலுறை உன்னைக் காப்பாத்துச்சுன்னு சபைக்குச் சொல்லுப்பா" என்றார் கரடியார்.

"என்னோடதுதான் மாமா."

பிறகு, காலுறை வழங்கிய மூவருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. அன்பளிப்புகளைச் சேற்றில் எறிந்தமைக்கு விளக்கம் கேட்டு நெடுங்காலனுக்குக் கடிதம் எழுதப்பட்டது. அதில் முதல் கையொப்பம் முயலம்மாளுடையது.

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணே" என்று அவள் அவன் காதோரம் சொன்னாள். "நீங்க தண்ணிக்குள்ள போயிடுவீங்க. நான் இவங்க பக்கத்துல குடியிருக்கணுமே."

நீதி: மூழ்குபவனுக்கு வேண்டியது விரல் அசைய இடம், பொன்னாடையோ கரையில் நிற்பவருக்கே கிட்டும். எனவே கரையைத் தேர்ந்தெடுங்கள். தாமதியாதீர்கள்: நீரில் இறங்கவிருக்கும் எவரையேனும் இன்றே தேடிப்பிடித்து, ஒரு ஜோடி காலுறையை வழங்கிவிடுங்கள். கால் அளவைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அதற்குள் வேறொருவர் கொடுத்துவிடுவார்.