நான் காட்டிய பூநாரைகள்

பேசாமல் இருந்து நான் கெட்டதைவிடப் பேசிக் கெட்டதுதான் அதிகம். இத்தனைக்கும் நான் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு நாள்.

மதுரையில் காளவாசல் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வண்டிக்காரர் கேட்டால் டயரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. அவளுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"ஒருநா எல்லாரும் கார்ல தனுஷ்கோடி போயிட்டு வருவோம். பழகிப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

நிச்சயம் ஆகாததால் மகள் வரவில்லை. கிளம்பும்போது என் காதில் சொன்னாள்: "அப்பா, இன்னைக்காவது பேசுங்கப்பா. உம்முன்னு இருந்தா ஒங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுக்கிருவாங்க."

பையன் கார் ஓட்டினான். என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். பரமக்குடி தாண்டி ஒரு மயில் சாலையைக் கடந்தது. "மயில்" என்றேன். (மதுரையிலிருந்து அதுவரை நான் பேசியது அம்புட்டுத்தான்.) பாம்பன் பாலத்தில் செம்பருந்து ஒன்று கூடவே பறந்து வந்தது. வாத்தியார் குஷியாகி, "தண்ணிப் பறவையெல்லாம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

மகளின் முகம் நினைவுக்கு வந்தது. "நெறையா சார். பூநாரை எம்புட்டுத் தூரத்துல நின்னாலும் அந்த ரோஸ் நெறத்த வச்சே சொல்லிருவேன்" என்றேன். பின்சீட்டில் என் மனைவிக்குப் புரையேறியது. (கோழியைத் தவிர எனக்கு எந்தப் பறவையோடும் பழக்கமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.)

தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர். தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ கூட்டமாகத் தெரிந்தது.

"சார், பூநாரை."

கார் நின்றது. வாத்தியார் மரியாதையாகத் தன் பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். கண்ணில் வைத்தேன். எல்லாம் இன்னும் தூரமாகப் போய்விட்டது. (திருப்பிப் பிடித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.) கேட்க வெட்கம். "ஆமா சார், ஆடாம நிக்குது" என்றேன்.

"செருப்பக் கழட்டுங்க. குனிஞ்சே போவோம். சத்தம் கேட்டா பறந்துரும்" என்றார் வாத்தியார்.

வேட்டியை மடித்துக் கட்டி, முதுகை வளைத்து, சேற்றில் நான் முன்னால், அவர் பின்னால். கிட்டே போனதும் பூநாரைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மீனவர் எழுந்தார்.

"யாருண்ணே? வலையத் திருடவா இப்பிடிப் பம்மிப் பம்மி வாரீக?"

ரோஸ் நைலான் வலை. குவியல் குவியலாக. திரும்பி ஓடப் பார்த்தேன், கால் புதைந்து முகம் குப்புற விழுந்தேன். என் மகளின் கல்யாணமும் என்னோடு சேற்றுக்குள் போய்விட்டது என்று நினைத்து அப்படியே கிடந்தேன்.

அப்போது வாத்தியார் சிரித்தார். அடக்க முடியாத, பெரிய சிரிப்பு. அந்தச் சத்தத்தில் எங்களுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த நிஜப் பூநாரைகள் மொத்தமாக எழும்பி எங்கள் தலைக்கு மேலே பறந்தன. அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"எந்திரிங்க சம்மந்தி."

பேசி முடிக்காமல் எங்கள் பக்கம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். சேற்றில் உட்கார்ந்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ரோஸ் துணி கட்டியிருந்தார்கள். நான் உள்ளே நுழைய, அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "சம்மந்தி, குனிஞ்சு வாங்க. பறந்துரும்."

இப்போதும் வீட்டில் யாராவது ரோஸ் சேலை கட்டினால், நான் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.