தலைப்பு நானாவும் பன்னிரண்டு பெரிய தலைப்புகளும்

தலைப்புப் போடாமல் தலைப்பு நானா ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்ததில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோன மாலுமிகளில் எத்தனையோ விசித்திரப் பிறவிகளைப் பார்த்திருக்கிறேன். நானாவுக்கு முன்னால் அவர்கள் எல்லாரும் சாதாரண மனிதர்கள்.

அவர் கிண்ணியாக்காரர். உட்துறைமுக வீதியில், ஒரு மீன்வலைக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் நாங்கள் வேலை செய்தோம். இணையத்தளம் செய்துகொடுக்கும் அலுவலகம். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் பக்கங்களுக்கு வசனம் எழுதுவேன். நானா அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தலைப்பு வைத்து, ஏற்றுவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்; பெயரை யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்ததும் அறிவிப்பு வரும். "தலைப்பு: சோறு. உபதலைப்பு ஒண்டு: மீன் குழம்பு. ரெண்டு: பருப்பு. மீனுக்குக் கீழ சின்னத் தலைப்பு: முள்ளு, கவனம்." அதற்குப் பிறகுதான் கை வைப்பார்.

ஒருமுறை வயிற்றுவலி என்று அவரை டாக்குத்தரிடம் கூட்டிப்போனேன்.

"என்ன செய்யுது?" என்றார் டாக்குத்தர்.

"தலைப்பு: வயிறு. உபதலைப்பு: வலி. அதுக்குக் கீழ: இடப்பக்கம், சாப்பிட்ட பிறகு, மூண்டு நாளா. அவ்வளவுதான் டொக்டர்."

டாக்குத்தர் பேனையைக் கீழே வைத்தார். "எல்லாரும் இப்பிடி வந்தா நான் மத்தியானச் சாப்பாட்டை மத்தியானமே சாப்பிடுவன்" என்றார். எனக்கும் முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தேன். கதையை என் இளமைக்காலத்திலிருந்து தொடங்கியதால் நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வேலையில் அவருக்கு மூன்று சட்டங்கள். ஒரு பக்கத்துக்கு முதல்நிலைத் தலைப்பு ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே இரண்டாம் நிலை, அதற்குக் கீழே மூன்றாம் நிலை; இடையில் தாவக்கூடாது. தலைப்பை வாசித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும்.

"சேர், தேடுற மெசின் பஸ்ஸில போற மனிசன் மாதிரி. கடைப் பலகையைப் பாத்துத்தான் இறங்கும். கண் தெரியாத ஆக்களுக்கு ஃபோன் வாசிச்சுக் காட்டுது. அவங்க தலைப்பில கால் வச்சுத்தான் நடக்கிறாங்க. ஒரு படியை நீங்க உருவினா விழப்போறது அவங்கதான்."

பக்கம் முடிந்ததும் ஒரு பரீட்சை நடக்கும். ஜன்னலால் தலையை நீட்டி, கீழே வேப்பமர நிழலில் நிற்கும் ஓட்டோக்காரர் யோகனுக்குத் தலைப்புகளை மட்டும் உரக்க வாசிப்பார். என்ன வியாபாரம் என்று யோகன் சொன்னால் பக்கம் பாஸ். ஓர் ஐஸ் ஆலைக்கு நான் 'உள்ளம் குளிரும் உறவு' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"கலியாணத் தரகரோ நானா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இல்லடா, ஐஸ் விக்கிறாங்க."

"அப்ப ஐஸ் எண்டு சொல்ல வேண்டியதுதானே! ஆருக்குப் பயம்?"

வலைக்கடையே சிரித்தது. முப்பது வருடம் தமிழ் கற்பித்த எனக்கு ஓர் ஓட்டோ நிறுத்தத்திலிருந்து ஃபெயில் புள்ளி விழுந்தது அதுதான் முதல் தடவை. நானா சிரிக்கவில்லை. 'ஐஸ்கட்டி, மீனவர்களுக்கு' என்று மாற்றிவிட்டு, என் வரியை முதற்பந்தியில் கௌரவமாக உட்காரவைத்தார். எனக்கு அந்தக் கௌரவம் போதவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்த மனிதனுக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். கணவன் மீனவர். முதுகெலும்பு பிசகி, கடலுக்குப் போகவேண்டாம் என்று டாக்குத்தர் மறித்திருந்தார். வீட்டோடு இரண்டு அறை கட்டி, உல்லாசப் பயணிகளுக்குச் சாப்பாடும் கொடுக்க நினைத்தார்கள். "இந்த சீசனுக்கு ஆக்கள் வராட்டி இவர் திரும்பக் கடலுக்கு இறங்குவார் ஐயா. அந்த முதுகோட" என்றாள்.

நானா ஒரு வியாழக்கிழமை பக்கத்தை முடித்தார். 'சல்லிக் கடற்கரையில் தங்கும் அறை' என்பது தலைப்பு. கீழே அறை, சாப்பாடு, கட்டணம், வரும் வழி, தொடர்பு. அறைக்குக் கீழே கட்டில், விசிறி, குளியலறை. சாப்பாட்டுக்குக் கீழே மீன், நண்டு, மரக்கறி. யோகன் ஒரே மூச்சில் பாஸ் போட்டார்.

மறுநாள் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கடற்கரையைப் பற்றிய பக்கம், கடைப் பலகை போலக் கிடந்தது. 'அலைகள் தாலாட்டும் கனவுக் கரை' என்று தலைப்பை மாற்றினேன். மற்றவற்றுக்கும் அதே கதிதான். நண்டு 'செந்நிறச் சுவை' ஆயிற்று. இன்னொன்றும் செய்தேன். என் கண் மங்கிக்கொண்டு வந்தது. சொல்ல வெட்கம். உபதலைப்புகளின் சின்ன எழுத்து எனக்குத் தெரியவில்லை. முதல்நிலைத் தலைப்பின் எழுத்துத்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று கண்டு, பன்னிரண்டு தலைப்புகளையும் முதல்நிலை ஆக்கினேன். அப்பாடா, பளிச்சென்று தெரிந்தது.

எனக்கு மட்டும் தெரிந்தது. 'சல்லி', 'அறை' என்று தேடியவர்களுக்கு அந்தப் பக்கம் வரவேயில்லை. ஒரு மாதத்தில் செல்விக்கு வந்த தொலைபேசி அழைப்பு ஒன்றே ஒன்று. கவிதைப் போட்டிக்குக் கடைசித் திகதி எது என்று யாரோ கேட்டார்களாம்.

செல்வி அலுவலகத்துக்கு வந்து நின்றாள். "இவர் திரும்பக் கடலுக்கு இறங்க வலையை எடுத்துப் பொத்துறார் தம்பி. எனக்குப் பயமா இருக்கு" என்று எங்கள் இளம் முதலாளியிடம் சொன்னாள்.

"இந்தப் பக்கம் ஆர் போட்டது?" என்றார் முதலாளி.

நானா திரையைப் பார்த்தார். விரல் வைத்து எண்ணினார். "ஒரு உடம்புக்குப் பன்னிரண்டு தலை" என்று மெல்லச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"என்ட பொறுப்புத்தான் தம்பி. அரை மணித்தியாலம் தாங்க" என்றார் நானா.

அரை மணித்தியாலத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் முதலாளி, வந்த பெண்ணுக்கு முன்னாலேயே, "இனிப் பக்கத்தில நீங்க கை வைக்க வேணாம் நானா. கீழ வலைக்கடைக்குப் பின்னால எங்கட பதாகை அடிக்கிற அறை இருக்கு, அந்த வேலையைப் பாருங்க" என்றார். நான் அப்போதும் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் செல்வி வீட்டு அறைகள் நிரம்பின. அவள் கணவன் வலையைச் சுருட்டி வைத்தார். நானாவை மேலே கூப்பிட மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாத முடிவில் அவர் வேலையை விட்டார்.

கடைசி நாள் மேலே வந்தார். "ஒரு நிமிசம் சேர், ஒரு கடிதம் அடிக்கோணும்" என்று என் கணினியில் உட்கார்ந்து எழுந்து போனார். அடுத்த நாள் காலை திரையில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. புதிதாக வாங்கிய கண் சொட்டுமருந்தின் மகிமை என்று நினைத்து, இன்னும் இரண்டு போத்தல் வாங்கி, ஊரெல்லாம் சிபாரிசு செய்தேன்.

போன மாதம்தான் துணிவு வந்தது. பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். வாசலில் ஒரு பலகை. பெரிய எழுத்தில் 'வீடு'. கீழே 'மணி: வலப்பக்கம்'. அதற்கும் கீழே, சின்னதாக, 'ஆடு: முட்டாது'. ஆடு என்னை முட்டியது.

நானா தேத்தண்ணி தந்தார். நான் ஒத்திகை பார்த்து வந்ததைத் தொடங்கினேன். "நானா, மனித மனம் இருக்கிறதே, அது சில வேளைகளில்..."

"சேர், தலைப்பு?"

"சல்லிப் பக்கத்தை நான்தான் மாத்தினனான்."

"ஓம். உபதலைப்பு?"

"கண் தெரியேல்லை. சொல்ல வெக்கம்."

"தெரியும் சேர். நீங்க கிட்டப் போய்ப் பாத்துப் பாத்து, திரையில உங்கட மூக்கெண்ணெய் ஒரு பொட்டு மாதிரி இருக்கும்." அவர் சிரித்தார். "எழுத்துச் சின்னன் எண்டா எழுத்தைத்தான் பெருசாக்கோணும். தலைப்பைத் தூக்கி மேல வைக்கப்படாது. ரெண்டும் வேற." பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். "இப்ப வாசிக்க ஏலுதா? போற அண்டைக்குப் பெருசாக்கி வச்சிட்டுத்தானே போனனான்."

அன்றோடு சொட்டுமருந்தை நிறுத்திவிட்டேன். எழுத்தின் அளவை மட்டும் அவர் வைத்துவிட்டுப் போனபடியே வைத்திருக்கிறேன்.