ஜட்ஜ் விசாரித்த சைலன்சர்

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு. ஜட்ஜின் வெல்டிங் பட்டறையில் தப்பித்தவர் ஒருவரும் இல்லை.

ஜட்ஜ் என்பது நாங்கள் வைத்த பெயர். விரிசல் விட்ட சைலன்சரைக் கொடுத்தால் மற்றவர்கள் பற்றவைப்பார்கள், இவர் விசாரிப்பார். ஒரு முனையை ஈரத்துணியால் அடைத்து, மறுமுனையில் பீடிப் புகையை ஊதி, கசியும் இடத்தைப் பார்த்துவிட்டு, "எப்டி ஒடஞ்சிது?" என்பார். உண்மை வந்தால்தான் நெருப்பு பற்றும். "அது தெரியாம எங்க தகட்டுப் பட்டி வெக்கறது?" என்பது அவர் சட்டம்.

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கல் பட்டதாகச் சொல்லி மூன்று நாள் நடந்தே திரிந்தார். நான்காம் நாள், மைத்துனர்கள் இருவரையும் ஓர் ஆட்டையும் ஒரே வண்டியில் ஏற்றிப் போனதை ஒப்புக்கொண்டார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்களில் நானும் மாட்டினேன். வெள்ளிமலைப் பள்ளியில் அன்று மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வந்த வாத்தியார் வேலை போய்விடும். பஸ் இல்லை. அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத நேரம் பார்த்து, குறுக்கே கிடந்த மரத்தின் மேல் ஏற்றி இறக்கினேன். வண்டி தாண்டியது. சைலன்சர் தாண்டவில்லை.

பட்டறையில் சைலன்சரைக் கொடுத்து, வேலை விவரத்தை மட்டும் சொல்லித் திரும்பினால், காலையில் கோடாலியோடு நின்ற மறியல் தலைவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். உண்மையைச் சொன்னால் முதுகு வீங்கும்.

"குழியில வுட்டுட்டேங்க" என்றேன்.

விரிசலில் சிக்கியிருந்த மரப்பட்டையை ஜட்ஜ் நெம்பி எடுத்தார். "இன்னா வாத்தியாரே, குழிக்குள்ள புளியமரம் மொளச்சிகினு இருந்திச்சா?"

மணி ஒன்று. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "மரத்து மேல ஏத்திட்டேங்க."

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், தலைவர் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். அதுவும் சைலன்சர்தான்.

"உன்து எப்டி?" என்றார் ஜட்ஜ்.

"அதே மரந்தாங்க. வெட்னதும் நாந்தான். வூட்டுக்குப் போவ வேற வழி இல்ல."

ஜட்ஜ் சிரிக்கவில்லை. "ரெண்டும் உண்ம" என்று தீர்ப்புச் சொல்லி, அடியில் தகட்டுப் பட்டி வைத்து எனக்குப் பற்றவைத்தார். பார்க்கப் பகோடா மாதிரி இருந்தது. மலை வளைவுகளில் மட்கார்டு கழன்றது, விளக்கு விழுந்தது. பகோடா அசையவில்லை. நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியும் ஜட்ஜும் போய் ரொம்ப நாளாகிறது. சைலன்சர் மட்டும் பரணில் கிடக்கிறது. எடைக்குப் போட மறந்துவிட்டதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜட்ஜ் எதிரில் நின்று கேட்டால் அந்தப் பொய் நிற்காது.

மனசு வரலீங்க.